நடுவில் வைத்த மண்

எங்கள் வாய்க்காலுக்கு நீர்பாய்ச்சி தேர்ந்தெடுத்த நாளன்று, ஒரு கூடை ஈர மண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு கடைமடையிலிருந்து தலைமதகு வரை நடந்தவன் நான். போய்ச் சேர்ந்தபோது சூளைக்குப் போகாத மண்பொம்மை மாதிரி இருந்தேன் என்று என் மனைவி பிறகு சொன்னாள். பொம்மை என்றால் முகத்தில் ஒரு களையாவது இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

மேலே மலையில் பெரிய அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தண்ணீர் எங்கள் பள்ளத்தாக்குக்கு வரப்போகிறது என்று எல்லாரும் பேசினார்கள். பேச்சு மட்டும் கரை புரண்டு ஓடியது. அதுவரைக்கும் ஆறு கொடுப்பதுதான் எங்களுக்குத் தண்ணீர். சின்னமனூருக்குக் கீழே ஆற்றிலிருந்து எங்கள் வாய்க்கால் பிரிகிறது. அதன் தலையில் வயல் உள்ளவர்கள் தலைமடைக்காரர்கள். வால்பக்கம் நாங்கள், கடைமடைக்காரர்கள். என் வயல் கடைசிக்கும் கடைசி. அதற்கு அப்பால் ஓடையும் முள்ளும்தான்.

வாய்க்கால் மடைகளைத் திறப்பதும் அடைப்பதும், யாருக்கு எந்த நேரம் முறை என்று பார்த்துத் தண்ணீர் விடுவதும் நீர்பாய்ச்சியின் வேலை. அறுவடையில் ஒவ்வொரு வயலிலிருந்தும் அவருக்குக் கதிர்க்கட்டு உண்டு. அவரை வருடா வருடம் நாங்களே தேர்ந்தெடுப்போம். ஆனி மாதம், வாய்க்கால் திறப்பதற்கு முன்னால், நிலம் உள்ள எல்லாரும், வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரிகிற தலைமதகில் கூடுவோம். நீர்பாய்ச்சியாக ஆசைப்படுகிறவர்கள் தோளில் கிடக்கிற துண்டைக் கரையில் விரித்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி ஆற்றைப் பார்த்து நிற்க வேண்டும். நிலக்காரன் தன் வயலில் எடுத்த ஒரு மண்கட்டியைத் தனக்குப் பிடித்தவரின் துண்டில் வைப்பான். எந்தத் துண்டில் கட்டி அதிகமோ அவர் ஜெயித்தவர். தனக்கு விழுந்த மண்ணைக் கொண்டு கரையில் பழுதான ஓர் இடத்தை அடைப்பதுதான் ஜெயித்தவர் செய்கிற முதல் வேலை.

முதுகைக் காட்டி நிற்பது எதற்கென்றால், யார் யாருக்கு வைத்தார்கள் என்பது தெரியக்கூடாதாம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் வாழ்நாளில் ஒரு வரப்பிலும் நடந்திருக்க மாட்டார். தலைமடை மண் செம்மணல். நடுவில் உள்ள வயல்கள் சாம்பல் நிறம். கடைமடை கரிய களி. என் வயலில் மட்டும் அந்தக் களிக்குள் சுண்ணாம்புக்கல் பொரி பொரியாகக் கலந்து கிடக்கும். நிற்கிறவர்கள் திரும்பிப் பார்த்தால் போதும், யார் எங்கே வைத்தார்கள் என்பது வெட்டவெளிச்சமாகத் தெரியும். கட்டியில் என் பெயரையே எழுதி ஒட்டியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. எங்கள் ஊரில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். மண் வாசிக்கத் தெரியாதவர் ஒருவருமில்லை.

அந்த வருடம் இரண்டு பேர் நிற்பதாக இருந்தார்கள். ஒருவர் ஏற்கெனவே நீர்பாய்ச்சியாக இருந்தவர், தலைமடைக்காரர். பேச்சு வெல்லப்பாகு. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் எங்கள் பக்கம் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். ஓடிப் போய்க் கேட்டால் கோபப்படவே மாட்டார். "மேல எல்லா மடையும் அடைச்சாச்சு மாப்ள. நீயே வந்து பாரு. அடைச்ச மடை. ஆத்துல வரத்து இல்லாட்டி நான் அழுதா ஊத்த முடியும்?" என்பார். போய்ப் பார்த்தால் அடைத்துத்தான் இருக்கும், செம்மணலால். அதன் வழியாகத் தண்ணீர் ஊறி ஊறி அவர் அண்ணன் தம்பிகள் வயலுக்கெல்லாம் ராப்பகலாகப் போய்க்கொண்டிருக்கும். அதைச் சுட்டிக் காட்டினால், "கசிவுக்கு நான் பொறுப்பாக முடியுமா? மண்ணோட கொணம் அப்படி" என்பார்.

இன்னொருவர் என் மச்சான், மனைவியின் அண்ணன், நடு வயல்காரர். நல்ல மனிதர். ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காதவர். நினைப்பதற்கு விழித்திருக்க வேண்டுமே.

"எங்க அண்ணனா!" என்றாள் என் மனைவி. "சோத்துல மோர் ஊத்தித் திரும்புறதுக்குள்ள உக்காந்தாப்புலயே தூங்கிருவாக. அவுக கையில மடையக் குடுத்தா தண்ணி நேரா வைகைக்குத்தான் போகும்."

"கூடப் பெறந்த அண்ணனாச்சே, கொஞ்சம் பாத்துப் பேசக்கூடாதா?"

"கூடப் பெறந்ததாலதான் தெரியுது. உங்களுக்கு என்ன, வாய்க்கா கரையில படுத்துத் தூங்க ஒரு தொண கெடச்சாப்புல இருக்கும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த வருடம் எங்கள் வீட்டில் சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. இரண்டு வருடமாக நெல் சாவியாகிவிட்டது. கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. என்னைப் போல என்று மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தடவையும் அப்படிப் போனால் மாட்டை விற்றுவிட்டு இருவரும் மலைமேல் அணை வேலைக்குக் கூலியாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. போனவர்களில் சிலர் காய்ச்சலோடு இறங்கி வந்தார்கள். சிலர் இறங்கி வரவே இல்லை. "எங்களுக்குத் தண்ணி கொண்டு வர்றதுக்கு எங்களையே பலி குடுக்கணுமா, மாதாவே" என்று ஒரு நாள் பூசை முடிந்து வரும் வழியில் அவள் முனகினாள். நான் கேட்காதது போல நடந்தேன்.

ஆகவே எங்களுக்கு வேண்டியது கதிர் பால் பிடிக்கிற நேரத்துக்குத் தண்ணீர். நிற்கிறவர்களில் ஒருவரிடம் போனால் அது கசியும், இன்னொருவரிடம் போனால் தூங்கும்.

மண் வைக்கிற நாளுக்கு முன்னால் கடைமடைக்காரர்கள் எல்லாரும் மாடு குளிப்பாட்டும் துறையில் கூடிப் பேசினோம். என் பக்கத்து வயல்காரர், எனக்கு மாமா முறை, மாட்டின் முதுகை வைக்கோலால் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ரெண்டு பேருமே வேணாம். பேசாம வீட்டுல இருந்துருவோம்."

"இருந்துரலாம் மாமா. மண்ணு வைக்காதவன் வருசம் பூரா வாய்க்காலப் பத்தி வாயத் தெறக்கக் கூடாதுன்னு ஊர்க்கட்டு இருக்கே" என்றேன்.

"நீ ஒருத்தன் வாயத் தெறக்காம இருந்தா ஊருக்கு நல்லதுதான். எனக்கு முடியாதுப்பா" என்று ஒப்புக்கொண்டார்.

ரெண்டு பேரில் கெடுதல் குறைந்தவர் யார் என்று பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சு வெயில் ஏறும் வரை நடந்தது. திருடனுக்குத் தூங்குமூஞ்சி தேவலை என்றது ஒரு கட்சி. திருடனாவது திருடுவதற்கு எழுந்து வாய்க்கால் பக்கம் வருகிறானே என்றது மறு கட்சி. இரண்டும் சரியென்று எனக்குப் பட்டது. அதைச் சொன்னபோது இரண்டு கட்சியும் சேர்ந்து என்னை வைதது.

கட்டியை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்தால் என்ன என்று கேட்டேன். மாமா தலையை ஆட்டினார். "முன்ன ஒரு வருசம் நான் செஞ்சு பாத்தேன். ரெண்டு பேரும் எனக்கு எதிரியாயிட்டாக. முழுசா எனக்கு வைக்கலையேன்னு ஆளுக்கு முழுக் கோவம். கோவத்தில பாதி கெடயாதுப்பா."

மச்சானுக்கு வைக்காவிட்டால் என் சுண்ணாம்புப் பொரி என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மாமா வயலில் ஒரு கட்டி எடுத்துக்கொண்டு போகலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ஏன், உன் மச்சான் என்னைய வந்து கடிக்கவா? ஏலே, உன் வயல் மண்ணுக்கு நீதான் பொறுப்பு."

எங்களிலேயே ஒருவர் நிற்கலாமே என்ற பேச்சும் வந்தது. எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மீசை துடித்தது. அந்த நேரம் பார்த்துப் புல்லுக்கட்டோடு என் மனைவி அந்தப் பக்கம் வந்தாள். "இவுகளா? வீட்டுல பானைய மூடச் சொன்னா மூடிய எங்கனயோ வச்சுட்டுத் தேடுறவுக. மதகையும் தொலைச்சுட்டு வந்து நிப்பாக" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். என் அரசியல் வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

கடைசியில் மாமாதான் சொன்னார். "ரெண்டு துண்டுக்கும் நடுவுல வெறுந் தரை கெடக்குல்ல? அதுல வைப்போம். மண்ணு வச்ச மாதிரியும் ஆச்சு, அவுகளுக்கு வைக்காத மாதிரியும் ஆச்சு."

இதுவரை யாரும் செய்யாத காரியம். செய்யக்கூடாது என்ற கட்டும் இல்லை. எல்லாருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. "நல்லாக் கண்ணுக்குத் தெரியுற மாதிரி வைக்கணும்" என்றார் ஒருவர். ஆமாம், தெரிகிற மாதிரி வைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டுக் கலைந்தோம். எவ்வளவு பெரிய கட்டி என்று மட்டும் யாரும் பேசவில்லை.

அன்று காலை வயலில் குனிந்து ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தேன். கைக்குள் அடங்கியது. இது எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பொதுவாக எனக்கு யோசனை தோன்றினால் என் மனைவி வீட்டில் உடைகிற சாமான்களை எடுத்து உள்ளே வைப்பாள். அன்று அவள் பக்கத்தில் இல்லை. ஒரு கூடை நிறைய வெட்டி நிரப்பிவிட்டேன். சாரல் பிடித்திருந்த வாரம் அது. களி நன்றாக ஊறியிருந்தது. தூக்கித் தலையில் வைத்த பிறகுதான் கழுத்துக்கு விஷயம் தெரிந்தது. ஆனாலும் பெருமை, இந்த மூளை வேறு யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பாதி வழியில் மாமா ஒரு கூடையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அதற்கு முன்னால் இன்னொருவர், பெரிய கூடை. தலைமதகை நெருங்க நெருங்கக் கடைமடை முழுவதும் தலைச்சுமையோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் மண்வெட்டியும் கொண்டு வந்திருந்தார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

தலைமதகில், மண் எண்ண வந்த ஊர் மணியக்காரர் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். பழைய நீர்பாய்ச்சியும் மச்சானும் துண்டை விரித்து ஆற்றைப் பார்த்து நின்றார்கள். மச்சான் நின்றபடியே கொஞ்சம் அசைந்தார். தூக்கம் வந்திருக்க வேண்டும். தலைமடைக்காரர்கள் சிவப்புக் கட்டிகளை அழகாகக் கொண்டு வந்து பழையவர் துண்டில் அடுக்கினார்கள். நடு வயல்காரர்களில் மச்சானுக்குச் சொந்தக்காரர்கள் அவர் துண்டில் வைத்தார்கள். பிறகு நாங்கள் ஒவ்வொருவராகப் போய் நடுத் தரையில் கூடையைக் கவிழ்த்தோம். என் முறை வந்தபோது கூடையோடு நானும் கவிழ்ந்தேன். மாமா தூக்கிவிட்டார்.

"இப்பத் திரும்பலாமா?" என்று பழையவர் ஆற்றைப் பார்த்தபடியே கேட்டார். பின்னால் கூடை கவிழ்கிற சத்தம் அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது.

திரும்பினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி நடுவில் ஒரு மண்மேடு.

மணியக்காரர் எழுந்து வந்தார். "ஏப்பா, மண்ணு வைக்கச் சொன்னா கரையே போட்டுட்டீகளே! இது யாருக்கு?"

"யாருக்கும் இல்லங்க" என்றார் மாமா.

"யாருக்கும் இல்லாட்டி எதுக்கு இம்புட்டுச் சொமந்து வந்தீக?"

"இவுக ரெண்டு பேரும் வேணாங்கிறதுக்குங்க."

"சரி, வேணாம். அப்ப மதகத் தெறக்க யாரு? இந்த மண்ணு எந்திரிச்சுப் போயித் தெறக்குமா?"

தலைமடைக்காரர்கள் சிரித்தார்கள். துறையில் அத்தனை நேரம் பேசினோமே, இதற்குப் பிறகு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கே எங்களுக்கு அவ்வளவு ஆனந்தமாக இருந்திருக்கிறது.

மச்சான் இதற்குள் மேட்டைச் சுற்றி வந்து, என் பொரி மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். "மாப்ள, நீயுமா?" என்றார். எனக்குப் பூமிக்குள் போகலாம் போலிருந்தது. போயிருந்தால் அங்கேயும் அந்தப் பொரி காட்டிக்கொடுத்திருக்கும்.

மணியக்காரர் துண்டுகளை மட்டும் கணக்கில் எடுத்தார். பழையவரே ஜெயித்தார். அவர் எங்களைப் பார்த்துக் கைகூப்பினார், கோபமே இல்லாமல். "நடுவுல வச்சவகளும் என் மக்கதான். எல்லாருக்கும் தண்ணி வரும்" என்றார். போன இரண்டு வருடமும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்கள் கூட்டத்திலிருந்து என் மனைவி முன்னால் வந்தாள். "ஐயா, ஒரு ஞாயம் கேக்கணும். செயிச்சவரு மண்ண அவரு கரையில அணைப்பாரு. நடுவுல கெடக்கிற எங்க மண்ண யாரு அணைக்கிறது? திருப்பிச் சொமக்கவா?"

"வச்ச மண்ணத் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்ல ஆத்தா" என்று மணியக்காரர் யோசித்தார். "யாருக்கும் இல்லாத மண்ணு. அப்ப வச்சவக இஷ்டம். வாய்க்கால்ல எங்கன பழுதோ அங்கன அணைச்சுக்கங்க."

அவள் பழையவர் பக்கம் திரும்பினாள். "அந்தா தெரியுதே, உங்க அண்ணன் தம்பிக வயலுக்குப் போற மடைக. அதெல்லாம் அடைச்ச மடைதானே?"

"அடைச்ச மடைதான் தாயி. வருசம் பூராச் சொல்றேனே."

"அடைச்ச மடைய இன்னுங் கொஞ்சம் அடைச்சா உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

அந்த வெல்லப்பாகு மனிதர் தன் பாகிலேயே மாட்டிக்கொண்டார். வருத்தம் என்று சொன்னால் இத்தனை வருடம் கசியவிட்டது தெரிந்துதான் என்றாகிவிடும். தலைமடைக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் ஆற்றைப் பார்த்தார். "எனக்கென்ன வருத்தம்" என்றார் கடைசியில்.

மண்வெட்டி கொண்டு வந்தவருக்கு அப்போது வேலை கிடைத்தது. மேட்டை வெட்டி வெட்டிக் கூடையில் போட்டு ஒவ்வொரு மடையாக அணைத்தோம். கடைமடைக் களி இழுத்துப் பிடித்தால் விடாது. மிதிக்க மிதிக்கத் தோல் மாதிரி இறுகும், சொட்டுக்கூடக் கசியாது. நான் மிதித்ததில் ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. "அந்த மடைக்கு இனி வேற மண்ணே வேணாம், இவரையே விட்டுட்டுப் போயிரலாம்" என்றார் மாமா. மச்சான் வந்து கையைக் கொடுத்து என்னை இழுத்தார். கோபமாகத்தான் இழுத்தார், ஆனாலும் இழுத்தார்.

அதற்காகத் தண்ணீர் எங்களுக்குக் கொட்டிவிடவில்லை. தலைமடை முறை வரும்போது அவர்கள் களியை வெட்டித் திறப்பார்கள். முறை முடிந்ததும் திரும்ப அதே களியால் அடைக்கிறார்களா என்று பார்க்க எங்களில் யாராவது கரையில் போய் உட்கார்ந்திருப்போம். சண்டை போடமாட்டோம், வெற்றிலையைக் கிழித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். நான் போகிற நாட்களில், என் பேச்சைத் தாங்க முடியாமல் சீக்கிரமாகவே அடைத்துவிடுவார்கள் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. ஊருக்கு நான் செய்த ஒரே சேவை.

கதிர் பால் பிடிக்கிற நேரம் வந்தது. ஒரு காலை நான் வரப்பில் நின்றேன். வாய்க்காலில் தண்ணீர் வருகிற சத்தத்தைக் கேட்டதும் நம்பாமல் இறங்கிக் காலை வைத்துப் பார்த்தேன். கணுக்கால் நனைந்தது. என் மனைவி மடையருகே குந்தி, ஒரு கதிரைப் பிய்த்து நகத்தால் நசுக்கினாள். வெள்ளையாகப் பால் வந்தது. அவள் அதை நாக்கில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கதிரைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். நானும் நசுக்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

அறுவடை ஒன்றும் அமோகம் என்று சொல்ல முடியாது. ஓடைப் பக்கம் ஒரு துண்டு நிலம் இந்தத் தடவையும் சாவிதான். ஆனால் வீட்டுக்கு நெல் வந்தது, மாடு கொட்டிலிலேயே நின்றது, மலைப் பாதையில் நாங்கள் ஏறவில்லை. மச்சான் புது நெல்லுச் சோறு சாப்பிட வந்தார். மோர் ஊற்றுவதற்குள் தூங்கினார்.

களத்தில் நீர்பாய்ச்சி தன் கதிர்க்கட்டை வாங்க வந்தார். முன்பெல்லாம் எங்கள் களத்துக்கு அவர் ஆளைத்தான் அனுப்புவார். கொடுக்க ஒன்றும் இருக்காது என்று அவருக்குத் தெரியும். அந்த வருடம் தானே வந்தார். என் மனைவி குவியலில் தேடி, நல்ல கனமான ஒரு கட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நான் சின்னக் கட்டு ஒன்றைக் கண்ணால் காட்டினேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அவர் கட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "அடுத்த வருசமும் நான்தான் நிக்கப் போறேன் தாயி. நெனப்புல வச்சுக்கங்க" என்றார்.

"தாராளமா நில்லுங்க" என்றாள் அவள், களத்தைக் கூட்டிக்கொண்டே. "எங்ககிட்ட மண்ணு நெறையா இருக்கு."